ஒரே ஏலக்காய்க்கு அஞ்சு பக்கம்

இந்தப் பக்கம் வந்து பல மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, வீட்டுல பசங்களுக்குப் பரீட்சை, நடுவுல ஊர்ல இருந்து வந்த ஒரு வேலை. முதல் ரெண்டும் எல்லார் வீட்டுலயும் நடக்கிறதுதான். மூணாவதைப் பத்தி எழுதலாம்னுதான் பொட்டியைத் திறந்தேன்.

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஊர்ல உங்க சொந்தக்காரங்க யாராவது ஆன்லைன்ல பொருள் விற்கிறாங்கன்னா கடைசி வரைக்கும் படிங்க. ஊறுகாய், புடவை, கொலுசு, மசாலாப் பொடின்னு இப்போ பாதி வீட்டுல யாராவது ஒருத்தர் ஏதாவது விற்கிறாங்க. எங்களுக்கு இது எந்தத் தளத்துல நடந்ததுன்னு சொல்லப்போறதில்லை. பேர் முக்கியமில்லை, பிரச்சினை எல்லா இடத்துலயும் ஒண்ணுதான்.

முதல்ல குடும்பப் பின்னணி. எங்க பூர்வீகம் போடிநாயக்கனூர். ஏலக்காய் ஊர். தாத்தா காலத்துல இருந்து வீட்டுல ஒருத்தராவது ஏலக்காய்க் கடையில கணக்கு எழுதியிருப்பாங்க. சித்தப்பா 1983-ல கொச்சிக்குப் போனார். மட்டாஞ்சேரியில ஒரு குஜராத்தி சேட்டுகிட்ட கணக்குப்பிள்ளை வேலை. 1998-ல பஜார் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்துல சொந்தமா ஒரு சின்னக் கடை போட்டார். ஏலக்காய், மிளகு, சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய். அவ்வளவுதான்.

முழுப்பரீட்சை லீவுக்கு நான் அங்கதான் போவேன் (கொசுவத்திச் சுருள் சுத்த ஆரம்பிக்குது, பொறுத்துக்குங்க). அந்தத் தெருவுக்குள்ள நுழையும்போதே சுக்கு வாசனை மூக்குல ஏறும். கிடங்கை அங்க 'பாண்டிகசாலா'ம்பாங்க. நம்ம பண்டகசாலைதான். ஒரே தெருவுல குஜராத்தி, கொங்கணி, உருது, மலையாளம், தமிழ்னு அஞ்சு பாஷை கேட்கும். சித்தப்பா எந்த மூட்டையையும் சீட்டைப் பார்த்து வாங்க மாட்டார். சாக்குல குத்தூசியை விட்டு எடுத்து, உள்ளங்கையில தேய்ச்சு, ஊதி, ஒண்ணைக் கடிச்சுப் பார்ப்பார். மேலே ஒரு தடவை, நடுவுல ஒரு தடவை, அடியில ஒரு தடவை. எனக்கு அப்போ ஏதோ சடங்கு மாதிரி இருந்துச்சு.

அந்த ஏரியாவுலதான் 'இப்ஸ்டா'ன்னு சொல்ற இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகர் சங்கம் இருக்கு. 1957-லயே மிளகுக்கு முன்பேர வணிகம் ஆரம்பிச்ச இடம். அப்போல்லாம் சந்தை நேரத்துல வியாபாரிங்க கத்திக் கத்தியே விலை பேசுவாங்களாம். அங்க யாரும் 'இது யார் தோட்டத்து மிளகு'ன்னு கேட்கிறதில்லை. தரத்தோட பேர் சொன்னா போதும். 'எம்.ஜி. ஒண்ணு'ன்னா மலபார் கார்பிள்டு, அதாவது தூசி தும்பு நீக்கிச் சுத்தம் பண்ணின மிளகு. யார் வித்தாலும் அது அதுதான். தெல்லிச்சேரி வகையில சல்லடைக் கணக்கும் உண்டு. 4.25 மில்லிமீட்டர் சல்லடையில நின்னா ஒரு பேர், 4.75-ல நின்னா அதைவிட உசந்த பேர். ஏலக்காய்க்கும் அப்படித்தான். அக்மார்க் கணக்குல ஆலப்புழைப் பச்சை ஏலக்காய் 7 மில்லிமீட்டர்னா 'எக்ஸ்ட்ரா போல்ட்', 6-ன்னா 'போல்ட்', 5-ன்னா 'சுப்பீரியர்'. கடைக்காரங்க பேச்சுல இன்னும் நுணுக்கமா '8 எம்.எம். போல்ட்'னு தனியா ஒண்ணு உண்டு. அதுக்கு விலையும் தனி.

இதை எதுக்கு இவ்வளவு விலாவாரியா சொல்றேன்னா, ஆன்லைன் சந்தையும் இதே கொள்கையிலதான் ஓடுது. ஒரு பொருள், ஒரு பக்கம். அந்தப் பொருளை எத்தனை பேர் வித்தாலும் எல்லாரும் அதே பக்கத்துலதான் நிக்கணும். அமேசான் 1995-ல விற்க ஆரம்பிச்சது புத்தகம். புத்தகத்துக்கு ஏற்கெனவே ஐ.எஸ்.பி.என். எண் இருந்துச்சு. ஒரே எண் இருக்கிற புத்தகத்தை யார்கிட்ட வாங்கினாலும் உள்ளே அதே எழுத்துதான். அந்த யோசனையைத்தான் மத்த பொருளுக்கும் நீட்டி, ஒவ்வொரு பொருளுக்கும் பத்து எழுத்துல 'ஏசின்'னு ஒரு அடையாளம் கொடுத்தாங்க. ஃபிளிப்கார்ட்டும் 2007-ல புத்தகத்துலதான் ஆரம்பிச்சது. புத்தகத்துக்கு இது கச்சிதம். செல்போனுக்கும் சரி. ஏலக்காய்க்கு?

2020 ஊரடங்குல மட்டாஞ்சேரிக்குச் சுற்றுலா வர்றவங்க அடியோட நின்னுட்டாங்க. சித்தப்பா கடையில பாதி வியாபாரம் அவங்களை நம்பித்தான். அப்போ சித்தப்பா பொண்ணு, என் தங்கச்சி, சும்மா இருக்காம ஒரு பெரிய தளத்துல பதிவு பண்ணி நாலு பாக்கெட் போட்டுப் பார்த்தா. நல்லாப் போச்சு. அஞ்சு வருஷத்துல கடை விற்பனையில மூணுல ரெண்டு பங்கு ஆன்லைன்ல இருந்து வர அளவுக்கு ஆயிடுச்சு. பாக்கெட் போடறதுக்கு அக்கம்பக்கத்துல இருந்து ரெண்டு அம்மாக்களை வேலைக்கு வெச்சுக்கிட்டா. அவங்க வீட்டு அடுப்பும் இதுலதான் எரியுது.

இந்த அஞ்சு வருஷத்துல கடைச் சரக்கு, சித்தப்பா கணக்குப்படி, 14. தளத்துல இருந்த பக்கங்கள் 61! 8 எம்.எம். ஏலக்காய் 100 கிராமுக்கு மட்டும் அஞ்சு பக்கம்.

எப்படி இவ்வளவு ஆச்சுன்னு கேட்கறீங்களா? வேணும்னு யாரும் பண்ணலை. இது விற்கிறவங்க பல பேருக்கு நடக்கிறதுதான்.

ஒண்ணு, பட்டியல் போட்டுக் கொடுக்கிற ஏஜென்சி. பக்கத்துக்கு இவ்வளவுன்னு காசு. அவங்க பழைய பக்கத்தைத் தேட மாட்டாங்க, புதுசு போட்டாத்தான் அவங்களுக்குக் காசு. ரெண்டு, பார்கோடு இல்லாம விற்க விலக்கு வாங்கியிருந்தாங்க. சின்னக் கடைக்கு அது வசதிதான். ஆனா பார்கோடு இல்லாட்டி 'இது ஏற்கெனவே இருக்கே'ன்னு கணினிக்குத் தெரிய வழி கம்மி. ஒவ்வொரு தடவை ஏத்தும்போதும் புதுப் பக்கம். மூணு, தேடல் ஆசை. 'ஏலக்காய்'னு ஒரு பக்கம், 'இலாய்ச்சி'ன்னு ஒண்ணு, 'கார்டமம்'னு ஒண்ணு. பாக்கெட் என்னவோ ஒண்ணுதான். நாலு, சரக்கு தீர்ந்து பக்கம் தூங்கிட்டா, அதை எழுப்பாம புதுசு திறக்கிறது.

இதனால என்ன நஷ்டம்? பேர் சிதறிப்போகும். எங்க பழைய ஏலக்காய்ப் பக்கத்துக்கு 640 பேர் நட்சத்திரம் போட்டிருந்தாங்க. மத்த நாலு பக்கத்துல 31, 12, 3, பூஜ்யம். வாங்க வர்றவர் பூஜ்யத்துல போய் நின்னா, நம்மளைப் புதுக்கடைன்னு நெனச்சுப் போயிடுவார். சரக்கும் அஞ்சு எண்ணுல பிரிஞ்சு கிடக்கும். ஒரு பக்கத்துல 'இருப்பு இல்லை', இன்னொண்ணுல தளத்தோட கிடங்குல பாக்கெட் தூங்குது. பெரும்பாலான தளங்கள் இப்படி ஒரே பொருளுக்கு ரெண்டாம் பக்கம் திறக்கிறதை விதிமீறல்னும் சொல்லுது. கணக்கையே முடக்கலாம்.

இதெல்லாம் தொந்தரவு. நிஜமான ஆபத்து 2025 ஜூன்ல வந்துச்சு.

தளத்தோட கணினி தானாவே ரெட்டைப் பக்கங்களைத் தேடிப் பிடிச்சு இணைக்குது. நல்ல விஷயம்தானேன்னு தோணும். அது எங்க 8 எம்.எம். பக்கத்தையும், டீக்கும் மசாலாவுக்கும் விற்கிற 6 எம்.எம். பக்கத்தையும் ஒண்ணாக்கிடுச்சு. ஏஜென்சிக்காரர் ரெண்டுக்கும் 'கேரளா பச்சை ஏலக்காய் 100 கிராம்'னு ஒரே தலைப்பு, ஒரே போட்டோ போட்டிருந்தார். கணினிக்கு ரெண்டும் ஒண்ணு. கிடங்குல இருந்த ரெண்டு வகைப் பாக்கெட்டும் ஒரே எண்ணுக்குக் கீழே வந்திருச்சு. பெருசுக்குக் காசு கட்டினவங்களுக்குச் சின்னது போக ஆரம்பிச்சது.

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு டீச்சரம்மா கடைக்கே போன் பண்ணிட்டாங்க. "ஏனுங்க, நாலு வருஷமா உங்ககிட்டத்தான் வாங்கறேன். இந்தத் தடவை இத்தனூண்டு அனுப்பிச்சிருக்கீங்களே, ஆள் மாறிட்டீங்களா?" சித்தப்பாவுக்கு முகம் செத்துப்போச்சுன்னு தங்கச்சி சொன்னா. அன்னைக்குச் சாயங்காலமே, "போதும்மா. இந்தப் பேரை எடுக்க எனக்கு இருபத்தேழு வருஷம் ஆச்சு. ஆன்லைனும் வேணாம் ஒண்ணும் வேணாம், மூடிரு"ன்னுட்டார். ஓணத்துக்கு ரெண்டரை மாசம் இருந்துச்சு. மூடினா அந்த ரெண்டு அம்மாக்களுக்கும் என்ன பதில் சொல்றதுன்னு இவ அழுகிறா.

அப்பத்தான் எனக்குப் போன் வந்துச்சு. "அண்ணா, நீங்க ஆஸ்பத்திரியில இதே வேலைதானே பார்க்கறீங்க?"

அவ சொன்னது சரிதான். நான் இங்க மெல்பர்ன்ல ஒரு ஆஸ்பத்திரிக் குழுமத்துக்கு நோயாளிப் பதிவேடு பார்க்கிறவன். ஒரே ஆளுக்கு ரெண்டு பதிவு இருந்தா கண்டுபிடிச்சு ஒண்ணாக்கறது எங்க வேலையில பெரிய பங்கு. நம்மூர்ப் பேருங்க இங்க படற பாடு தெரியுமே. அப்பா பேர் முன்னாடி வந்து, இனிஷியல் பின்னாடி போய், ஒரே ஆள் மூணு பேரா நிப்பார். இதுக்காகவே இந்த நாட்டுல ஒவ்வொருத்தருக்கும் மருத்துவத்துக்குன்னு 16 இலக்க எண் இருக்கு. அப்படியும் ரெட்டைப் பதிவு வரும்.

எங்க வேலையில முதல் நாளே சொல்லித் தர்ற பாடம் ஒண்ணு உண்டு. ஒரு ஆளுக்கு ரெண்டு பதிவு இருந்தா அது குறை. பழைய ரிப்போர்ட் கிடைக்காது, அதே டெஸ்ட்டை மறுபடி எடுப்பாங்க. ஆனா ரெண்டு ஆளை ஒரே பதிவுல கலந்துட்டா அது விபத்து. ஒருத்தரோட ரத்த வகை இன்னொருத்தர் பேர்ல வந்து நிக்கும். அதனால சந்தேகம் இருந்தா இணைக்காதே, பிரிச்சே வை. இணைக்க ஒரு பட்டன் போதும். பிரிக்க மாசக்கணக்கு ஆகும்.

இதை நான் போன்ல சொல்லிக்கிட்டு இருக்கும்போது ஸ்பீக்கர்ல சித்தப்பா குரல். "ஏப்பா, இதைத்தானே நாங்க காலங்காலமாச் சொல்றோம். ரெண்டு லாட்டைக் கலக்குறதுக்கு முன்னாடி ரெண்டுலயும் கையை விட்டுப் பாக்கணும். கலந்த பொறகு உக்காந்து பொறுக்க முடியுமா?"

அவ்வளவுதாங்க விஷயம். இந்தப் பதிவுல நான் சொல்ல வந்ததே அந்த ஒண்ணுதான். மிச்சமெல்லாம் அதை எப்படிச் செஞ்சோம்கிறது.

தங்கச்சி முதல்ல யோசிச்சது, 61 பக்கத்தையும் அழிச்சுட்டுப் புதுசா 14 போடலாம்னு. பல பேர் செய்யற வேலை இது. வேண்டாம்னேன். 640 பேர் சொன்ன நல்ல வார்த்தை போயிடும். கிடங்குல 140 பாக்கெட் அந்தப் பழைய எண்ணோட ஸ்டிக்கர்ல இருக்கு, பக்கத்தை அழிச்சா அதெல்லாம் அனாதை. அதோட, அழிச்சுட்டுத் திரும்ப ஏத்தினா, கெட்ட விமர்சனத்தை மறைக்கப் பார்க்கிறோம்னு தளம் நெனைக்கும்.

இங்க குளிர்காலம். பசங்க தூங்கின பிறகு ராத்திரி ஒன்பது மணின்னா அங்க சாயங்காலம் நாலரை. கடையில கூட்டம் இருக்காது. மூணு வாரம் அப்படி உட்கார்ந்தோம். தங்கமணி, "ஆபீஸ்லயும் இதே வேலை, வீட்டுலயும் இதே வேலையா"ன்னு ஒரு பார்வை பார்த்துட்டுப் போய்ப் படுத்துட்டாங்க :-)

முதல் வேலை, ஒரு பெரிய அட்டவணை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரி. எண், தலைப்பு, எடை, எத்தனை நட்சத்திரம், எத்தனை இருப்பு, கடைசியா எப்போ வித்துச்சு. அதோட நிக்கக் கூடாது. உள்ளே நிஜமா என்ன இருக்குன்னு ஒரு கட்டம். அதை நிரப்ப, சரக்கு இருந்த ஒவ்வொரு பக்கத்துலயும் அவளே ஒரு பாக்கெட் ஆர்டர் பண்ணினா. சொந்தப் பொருளைச் சொந்தக் காசுல வாங்கறியான்னு சித்தப்பா முதல்ல சிரிச்சார். பாக்கெட் வர ஆரம்பிச்சதும் சல்லடையோட வந்து மேசையில உட்கார்ந்துட்டார்.

அங்கதான் ஒரு ஆச்சரியம். கடைச் சரக்கு 14-ன்னு அவர் சொன்னது தப்பு. பிரிச்சுப் பார்த்தா 18. 'மிளகு'ன்னு அவர் ஒண்ணாச் சொன்னதுல தெல்லிச்சேரி வகை ரெண்டும் எம்.ஜி. ஒண்ணும் இருந்துச்சு. 'சின்ன ஏலக்காய்'ல ரெண்டு அளவு. சுக்குல தோல் சீவினது, சீவாதது. கடையில அவர் இருக்கிறவரைக்கும் இது பிரச்சினையே இல்லை. வர்றவர் முகத்தைப் பார்த்து, பாயசத்துக்கா பிரியாணிக்கான்னு கேட்டு எடுத்துக் கொடுத்துடுவார். எல்லாம் அவர் கையில இருந்துச்சு, எந்த லேபிள்லயும் இல்லை. கணினி எங்கே போய்ப் படிக்கும்?

61-ஐ இப்படிப் பிரிச்சோம். 23 பக்கம் வெறும் கூடு, ஒரு பாக்கெட்கூட வித்ததில்லை, மூடியாச்சு. 20 பக்கம் நிஜமான ரெட்டை. அதுல இருப்பு உள்ளதை வித்துத் தீர்த்தோம், இல்லாட்டி கிடங்குல இருந்து திரும்ப வரவழைச்சோம். அப்புறம்தான் மூத்த பக்கத்தோட இணைக்கச் சொல்லித் தளத்துக்கு எழுதினோம். 14 பக்கம் மூத்த பக்கங்கள், அதைத் தொடவே இல்லை. மிச்சம் 4, பார்க்க ஒண்ணு மாதிரி இருந்தாலும் வேற சரக்கு. அதைத் தனியா நிறுத்தி, தலைப்புலயே அளவைப் போட்டோம்.

50 கிராம், 100 கிராம், 250 கிராம்னு எடை மட்டும் மாறினா ஒரு தாய்ப் பக்கத்துக்குக் கீழே கொண்டுவரலாம். அதுக்குன்னே வசதி இருக்கு. ஆனா தரம் மாறினா அந்தக் குடையின் கீழே கொண்டுவரக் கூடாது. நட்சத்திரத்தைச் சேர்த்துக் காட்டலாமேன்னு ஆசையா இருக்கும். 8 எம்.எம். வாங்கினவர் எழுதினதைப் படிச்சு இன்னொருத்தர் 6 எம்.எம். வாங்குவார். மறுபடி கோயம்புத்தூர் போன்தான்.

தப்பா இணைச்ச அந்த ரெண்டு பக்கத்தைப் பிரிக்கத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டோம். முதல் நாலு தடவை வந்தது ஒரே பதில், 'தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை'. ஒவ்வொரு தடவையும் வேற பேர், அதே வாசகம். அஞ்சாவது தடவை, ரெண்டு பாக்கெட்டையும் அளவுகோல் பக்கத்துல வெச்சு எடுத்த போட்டோ, லேபிள், வாங்கின பில், அக்மார்க் தர அளவு எல்லாத்தையும் ஒரே தாள்ல போட்டு, 'இவை இரண்டும் வேறு பொருள், தரம் வேறு, விலை வேறு'ன்னு மூணே வரி எழுதினோம். கோபம், வருத்தம் எல்லாத்தையும் எடுத்துட்டோம். படிக்கிறவர் இன்னொரு ஊர்ல உட்கார்ந்து ஒரு நாளைக்கு நூறு கடுதாசி பார்க்கிறவர். அவருக்கு ஒரே பார்வையில புரியணும். பிரிச்சாங்க. மொத்தம் மூணு வாரம்.

பக்கம் பிரிஞ்சுது, விமர்சனம் பிரியலை. சின்ன ஏலக்காய்னு திட்டின 27 விமர்சனமும் 8 எம்.எம். பக்கத்துலயே நிக்குது. 4.4-ல இருந்த நட்சத்திரம் 3.8-க்கு இறங்கி, இப்போ 4.1. சித்தப்பா சொன்னது இதைத்தான். கலந்த பிறகு முழுசாப் பொறுக்க முடியாது.

இந்தக் கூத்துக்கு நடுவுல இன்னொண்ணும் தெரிஞ்சது. எங்க மிளகுப் பக்கத்துல, எங்களை விடக் கம்மி விலையில வேற ஒருத்தர் வந்து ஒட்டிக்கிட்டு நிக்கிறார். எங்க போட்டோ, எங்க விமர்சனம், அவர் மிளகு. ஒரு பாக்கெட் வாங்கிப் பார்த்தோம். உள்ளே எங்க பேரே இல்லாத வெறும் கவர். இதுவும் ஒரே பக்கத்துல ரெண்டு பொருள்தான், ஆனா இது தெரிஞ்சே செய்யறது. வியாபாரிங்க பாஷையில இதுக்கு 'லாட்ச்சிங்'. இது கோர்ட்டு வரைக்கும் போன விஷயம். 'வி டிரெடிஷன்'கிற பேர்ல துணி விற்கிற ஒருத்தர், மத்தவங்க தன் பக்கத்துல ஒட்டிக்கிறதுக்கு ஃபிளிப்கார்ட் வழி பண்ணிக்கொடுக்குதுன்னு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2022 ஆகஸ்ட்ல, அவர் அனுமதி இல்லாம அவர் பக்கத்துல யாரும் ஒட்டிக்கக் கூடாதுன்னு நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டுச்சு. அடுத்தவர் பேர்ல சவாரி பண்றது சரியில்லைங்கிறதுதான் சாரம்.

நாங்க கோர்ட்டுக்கெல்லாம் போகலை. வாங்கின பாக்கெட்டோட போட்டோ, ஆர்டர் எண் போட்டுப் புகார் கொடுத்தோம், பத்து நாள்ல அவர் காணாமப் போயிட்டார். நாளைக்கு வேற பேர்ல வருவார். அதுக்குத்தான் கடைப் பேரை வணிகக் குறியா, மசாலாப் பொருள் வர்ற 30-ஆம் வகுப்புல, பதிய விண்ணப்பிச்சாச்சு. பார்கோடும் வாங்கியாச்சு. 890-ன்னு ஆரம்பிக்கிற எண். அந்த 890 இருந்தா இந்தியாவில செஞ்சதுன்னு பல பேர் நெனைக்கிறாங்க. இல்லை, எண் கொடுத்தது இந்திய அமைப்புன்னு மட்டும்தான் அர்த்தம்.

பார்கோடைப் பத்தித் தங்கச்சிகிட்ட விளக்கிக்கிட்டு இருந்தப்போ அவ சட்டுனு சொன்னா, "வெளியில இருக்கிற தோபி கானா மாதிரின்னு சொல்லுங்கண்ணா." ஃபோர்ட் கொச்சியில வெளிங்கிற இடத்துல தலைமுறை தலைமுறையா நம்ம தமிழ்க் குடும்பங்கள் துணி வெளுக்கிற இடம் அது. கொடியில வரிசையா வெள்ளைத் துணி. எல்லாம் ஒரே மாதிரி. ஆனா ஓரத்துல சின்னதா ஒரு குறி இருக்கும், மாறிப்போகாது. துணியைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாத இடத்துலதான் குறி வேணும். ஆஸ்பத்திரிக்கும் அதேதான், ஏலக்காய்க்கும் அதேதான்.

குறி மட்டும் இருந்தாலும் போதாது. இதே கொச்சியில 2012 டிசம்பர்ல நடந்ததைப் பெரியவங்க இன்னும் சொல்லுவாங்க. தேசிய அளவுல ஆன்லைன்ல முன்பேர வணிகம் நடத்தின ஒரு சந்தையோட கிடங்குகள்ல ஆயிரக்கணக்கான டன் மிளகை உணவுப் பாதுகாப்புத் துறை முத்திரை வெச்சு நிறுத்துச்சு. பளபளப்புக்காக மினரல் ஆயில் தடவியிருக்குன்னு புகார். சீட்டுல எல்லாம் தரம் சரிதான். ஒரே பேருக்குக் கீழே எல்லார் சரக்கும் கிடந்ததால, ஒழுங்கா வெச்சவங்க மூட்டையும் சேர்ந்துதான் மாட்டிக்கிச்சு. ஒரு பேருக்குக் கீழே பல பேர் நிக்கிற சந்தையில, உள்ளே கையை விட்டுப் பார்க்க ஒருத்தர் இல்லைன்னா நல்லவருக்குத்தான் நஷ்டம்.

சரி, ஊர்ல விற்கிற சொந்தக்காரங்களுக்கு நீங்க போன் பண்ணும்போது சொல்ல வேண்டியது இதுதான். புதுப் பக்கம் திறக்கிறதுக்கு முன்னாடி பழசைத் தேடு. ஏஜென்சிக்குப் பக்கக் கணக்குல காசு கொடுக்காதே. தலைப்புலயும் லேபிள்லயும் அளவு, தரம், எடை மூணும் இருக்கட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் அதோட சொந்தப் போட்டோ, இரவல் வேண்டாம். ரெட்டை இருந்தா மூத்ததை வெச்சுக்கோ, இளசை மெதுவா மூடு. இணைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பாக்கெட்டையும் பிரிச்சுப் பார். மூணு மாசத்துக்கு ஒரு தடவை உன் கடையில நீயே ஒண்ணு வாங்கிப் பார்.

இப்போ எங்க பாக்கெட் மேல, 8 மில்லிமீட்டர் சல்லடையில நின்னதுன்னு பெரிய எழுத்துல இருக்கும். வாசகம் சித்தப்பா சொன்னது. ஆன்லைனே வேணாம்னவர், இப்போ தினம் காலையில அன்னைக்குப் போற பாக்கெட்டுல ஒண்ணை எடுத்துப் பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் டீ குடிக்கிறார். பாக்கெட் போடற அம்மாக்கள் ரெண்டு பேரும் வேலையில இருக்காங்க. ஓணம் வியாபாரம் போன வருஷம் அளவுக்கு இல்லை, ஆனா மோசமும் இல்லை.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி கோயம்புத்தூர் டீச்சரம்மா மறுபடி ஆர்டர் போட்டிருந்தாங்க. கால் கிலோ, 8 எம்.எம். கடைக்குத் தனியா போன் பண்ணி, "பெருசாப் பார்த்துப் போடுங்க"ன்னு ஒரு வார்த்தை. அந்தப் பாக்கெட்டை சித்தப்பாவே உட்கார்ந்து போட்டாராம். யாரையும் தொட விடலையாம்.